தலையணைக்குள் இருந்த காற்று

ஒரு தலையணை எவ்வளவு எடை இருக்கும் என்று யாராவது உங்களைக் கேட்டால், தயவுசெய்து பதில் சொல்லிவிடாதீர்கள். மெத்தைக்காரர் அப்படித்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "இதென்னங்க பிரமாதம், ஒரு கிலோ வரும்" என்று தபால் நிலையத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்காக மனிதர் பட்ட பாடு இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

மெத்தைக்காரருக்கு ஒரே ஒரு அக்கா. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருக்கிறாள். குளியலறையில் வழுக்கி விழுந்து கழுத்தில் அடி. எலும்பு முறியவில்லை, ஆனால் கழுத்தைச் சுற்றிப் பட்டை போட்டுவிட்டார்கள். படுத்தால் வலி, திரும்பினால் வலி. தாழ்வான, இறுக்கமான தலையணை வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவின் வீட்டுக்காரரும் கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்தார்.

"அதுல இந்தப் பக்கம் தலைய வச்சா அந்தப் பக்கம் யாரோ எந்திரிச்சு உக்கார்ற மாதிரி இருக்குடா" என்றாள் அக்கா போனில். "படுக்கவே முடியல. ராத்திரி பூரா நாற்காலியில உக்காந்தே தூங்கறேன், பஸ் ஸ்டாண்டுல காத்துக்கிடக்கறவ மாதிரி. நீ அடிச்ச தலையணை ஒண்ணு அனுப்பி வைடா. புண்ணியமாப் போகும்."

மலையைத் தாண்டினால் அக்கா வீடு. காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் ஒரு சிக்கல். சில வருஷங்களுக்கு முன்னால் அக்கா வீட்டுக்கு ஒரு மெத்தை அடித்துக் கொடுத்தார் மெத்தைக்காரர். அவளுடைய வீட்டுக்காரர், அதாவது மாமா, அதில் படுத்து எழுந்து, நாலு பேர் இருக்கும்போது, "இதுல படுக்கறதுக்கு ரோட்டுல படுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். ஒரு மெத்தைக்காரரைப் பார்த்து அப்பன் பெயர் தெரியாதவன் என்று திட்டினால்கூட அவர் துடைத்துப் போட்டுவிடுவார். மெத்தையைச் சொன்னால் விடுவாரா? "நீங்களா வாய் திறந்து கூப்பிடாம இந்த வாசப்படிய மிதிச்சா என் பேரை மாத்தி வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தவர்தான். மாமாவும் அதற்குப் பிறகு பிடிவாதமாகத் தரையில் படுக்கிறார். இரண்டு பேருமே பேசுவதில்லை.

பஸ்ஸில் ஆள் இல்லாமல் மூட்டை ஏற்ற மாட்டார்கள். தனியார் பார்சல்காரர்கள் மலைப்பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆக, மிச்சம் இருந்தது தபால் நிலையம் ஒன்றுதான்.

மெத்தைக்காரர் இருக்கிறதிலேயே நல்ல பஞ்சாகப் பார்த்து எடுத்தார். கொட்டை பொறுக்கி, தூசு தட்டி, கழுத்து உட்காரும் இடத்தில் லேசாகப் பள்ளம் விட்டுத் தைத்தார். வெள்ளைத் துணியில் சுற்றி, மேலே விலாசம் எழுதி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனார்.

தபால் நிலையத்தின் வாசலில் 'தொலைவை வெல்வோம்' என்று பெரிய பலகை. உள்ளே நூலில் கட்டிய பேனா, அதில் மை கிடையாது. பசை பாட்டில் ஒன்று, அதில் பசை காய்ந்து கண்ணாடியாகிவிட்டது. வரிசையில் அவருக்கு முன்னால் ஒரு கொல்லர், சின்ன இரும்புக் கட்டி ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். அதைத் தராசில் வைத்ததும் மேஜையே முனகியது. கொல்லர் ஏதோ சில்லறையைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார். இவ்வளவு கனத்துக்கே இவ்வளவுதானா என்று மெத்தைக்காரருக்கு ஒரே குஷி.

கவுன்டரில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. தலையணையைத் தராசில் வைத்தாள். முள் அசைந்தும் அசையாமலும் நின்றது. அப்போதுதான் அவள் "எவ்வளவு இருக்கும்னு நினைக்கறீங்க?" என்று கேட்டாள், இவரும் அந்தப் பதிலைச் சொன்னார்.

"அது தராசு எடைங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, அவள் மேஜை இழுப்பறையிலிருந்து தையல்காரர் டேப் ஒன்றை எடுத்தாள். நீளம் அளந்தாள், அகலம் அளந்தாள், உயரம் அளந்தாள். மூன்றையும் பெருக்கினாள். ஏதோ ஒரு எண்ணால் வகுத்தாள். "இது இட எடை. உங்க தலையணை ஒரு கன்னுக்குட்டி கனம் வருது."

மெத்தைக்காரர் தலையணையைப் பார்த்தார். அது சாதுவாகக் கிடந்தது.

"அம்மா, உள்ள பஞ்சும் காத்தும்தான் இருக்கு."

"காத்துக்குத்தான் ஐயா காசு. பஞ்சுக்கு நாங்க எதுவுமே வாங்கறதில்லையே."

"அந்த இரும்புக்காரர் அவ்வளவு கனத்தை அனுப்பிட்டுப் போறாரு, அவர்கிட்ட சில்லறைதானே வாங்கினீங்க?"

"இரும்பு இடத்தை அடைக்காது. அடக்கமா ஒரு மூலையில உக்காந்துக்கும். தலையணை அப்படியா? லாரியில காலை நீட்டிப் படுத்துக்குது" என்று சொல்லிவிட்டு, இட எடைக்கு இவ்வளவு, இருக்கிறதிலேயே பெரிய தூரத்துக்கு இவ்வளவு என்று கூட்டித் தொகையையும் சொன்னாள். அந்தப் பணத்துக்கு ஒரு மெத்தை அடிக்கலாம், இரண்டு தலையணை சும்மா தரலாம். மெத்தைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, கொண்டு வந்ததைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

"அனுப்பிட்டியாடா?" என்று அக்கா கேட்டாள்.

"அனுப்பற மாதிரிதான்க்கா" என்று மழுப்பினார்.

இடம்தானே இவர்களுக்குப் பிரச்சினை? இடமே இல்லாமல் செய்துவிட்டால்? மெத்தைக்காரருக்குப் பஞ்சை அமுக்கவா சொல்லித் தர வேண்டும்? தலையணையை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே ஏறி உட்கார்ந்து, கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினார். காற்றெல்லாம் புஸ்ஸென்று வெளியே போனது. கடைசியில் செங்கல் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. அதைச் சாக்குத் துணியில் வைத்துத் தைத்து, மறுநாள் காலையிலேயே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றார்.

கண்ணாடி அம்மா அளந்தாள். டேப்புக்கு வேலையே இல்லை. அவளுக்கும் சந்தோஷம்தான், பாவம், பில் புத்தகத்தைக்கூட எடுத்துவிட்டாள். அப்போது கயிறு லேசாகக் கிறீச்சிட்டது. அவள் விரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"ஐயா, இதை மேலதிகாரி பாக்கணும்."

மேலதிகாரியின் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு. அதை யாரும் தொடக் கூடாதாம். சுவரில் ஒரு வரைபடம், அதன் மேல் சிவப்பு நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. அவர் மரியாதைக்காரர். நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு கட்டியை மேஜை மேல் வைத்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஐயா, இது என்ன?"

"தலையணைங்க. அமுக்கிக் கட்டியிருக்கேன்."

"அதாவது, இப்ப இது தலையணை இல்ல. அங்க போய் ஆகப் போகுது."

"ஆமாங்க."

"இங்கதான் நிறைய பேர் எங்களைத் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. ஒரு பொருள் என்னவா இருக்குன்னு நாங்க பாக்கறதே இல்ல. அது என்னவா ஆகும்னு பாக்கறோம். குடைய எல்லாரும் மடிச்சுத்தான் கொண்டு வருவாங்க. நாங்க விரிச்சுத்தான் அளப்போம். போன வாரம் ஒருத்தர் விதை அனுப்ப வந்தாரு. கைக்குள்ள அடங்குற பொட்டலம். எங்களை ஏமாத்த முடியுமா? மரமா வச்சுக் கணக்குப் போட்டோம்."

"என்ன மரங்க?" என்று மெத்தைக்காரர் தன்னை மறந்து கேட்டுவிட்டார்.

"அது தெரியல. அதனால இருக்கறதுலயே பெரிய மரமா வச்சுக்கிட்டோம். எதுக்கு நிர்வாகத்துக்கு நஷ்டம்?"

சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்துச் சாக்கையும் கயிற்றையும் நறுக்கினார். தலையணை ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்தது. மேஜை மேல் இருந்த தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது, மைக்கூடு உருண்டது, ரப்பர் முத்திரைகள் தரையில் சிதறின. அதிகாரி அசையவே இல்லை. ஈரமான கால்சட்டையோடு வெற்றிப் புன்னகை புரிந்தார்.

"பாத்தீங்களா? இதைத்தான் இது லாரியில பண்ணும்."

"நீங்க கயிற வெட்டாம இருந்தா பண்ணாதுங்க!"

"நாங்க வெட்டாம இருப்போம்னு என்ன உத்தரவாதம்?" என்றார் அதிகாரி.

மெத்தைக்காரர் குனிந்து முத்திரைகளைப் பொறுக்கி மேஜை மேல் வைத்தார். சரி, எடையை விட்டுத் தொலைப்போம், தூரத்திலாவது ஏதாவது குறைக்கிறார்களா பார்ப்போம் என்று வரைபடத்தின் பக்கம் போனார். "ஐயா, இது நம்ம ஊரு. இது மலை. இதோ, எங்க அக்கா ஊரு. விரலை இங்கேர்ந்து அங்க வச்சா முடிஞ்சு போச்சு. இதுக்கு எதுக்கு இருக்கறதுலயே பெரிய தூரக் கட்டணம்?"

அதிகாரி எழுந்து வந்து, ஒரு சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்கிற பொறுமையோடு சிவப்பு நூலைப் பிடித்தார். நூல் அவர்கள் ஊரில் கிளம்பி, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்த்திசையில் ஓடியது. தட்டுத் தடுமாறிக் கடற்கரை வரைக்கும் போய், அங்கே ஒரு குண்டூசியில் மூன்று சுற்று சுற்றியது.

"இது தலைமைப் பிரிப்பகம். எல்லாப் பொட்டலமும் இங்க வந்துதான் போகணும்."

"அப்புறம்?"

"அப்புறம் திரும்பி வரும்." நூல் வந்த வழியே திரும்பியது. அவர்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு, மலையேறி, அக்காவின் ஊரில் போய் விழுந்தது.

மெத்தைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். "ஐயா, திரும்பி வர்ற லாரி நம்ம ஊரு வழியாவா போகுது?"

"நம்ம வாசல்லதான் நிக்கும். டிரைவர் டீ குடிப்பாரு."

"அப்ப அந்த லாரியில இங்கயே ஏத்தி விட்டுடலாமே!"

"விடலாம். ஆனா உங்க தலையணை கடற்கரைய இன்னும் பாக்கலையே."

"அதுக்கு எதுக்குங்க கடற்கரை?"

அதிகாரி அவரை உட்கார வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்லா யோசிங்க. எல்லாப் பொட்டலத்தையும் நேர் வழியில அனுப்பினா என்ன ஆகும்? பக்கத்து ஊர்க்காரனுக்குச் சீக்கிரம் போகும், தூரத்து ஊர்க்காரனுக்கு லேட்டாப் போகும். அது அநியாயம் இல்லையா? இப்ப பாருங்க, எல்லாருக்கும் லேட். எங்க நிர்வாகத்துல ஏற்றத்தாழ்வே கிடையாது. வேணும்னா ஒண்ணு செய்யலாம். நீங்களே கடற்கரைக்குப் போய் அங்க போட்டீங்கன்னா தூரக் கட்டணம் பாதிதான். நான் எங்க மாமியாருக்கு ஏதாவது அனுப்பணும்னா லீவு போட்டுட்டு அங்க போய்த்தான் போடறேன்."

"மாமியார் எந்த ஊருங்க?"

"இதே தெருதான்" என்றார்.

மெத்தைக்காரர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவருக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஆத்திரம் வந்தது, ஆனால் யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள், எல்லாரும் தண்ணீர் கொடுத்தார்கள். எவனாவது ஒருத்தன் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அப்போதுதான் கதவோரத்தில் இருந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. 'கடிதங்கள்: நாடு முழுவதும் ஒரே தபால்தலை. தொலைவு பார்க்கப்படாது.'

மெத்தைக்காரர் அப்படியே நின்றார். அறிவிப்பைப் பார்த்தார், கக்கத்தில் இருந்த தலையணையைப் பார்த்தார். பிறகு கண்ணாடி அம்மாவிடம் போய் உறைகள் கேட்டார். ஒரு கட்டு.

"கல்யாணமா ஐயா?"

"இல்லம்மா. எங்க அக்காவுக்கு லெட்டர் போடறேன். ஏம்மா, லெட்டருக்குள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாப்பீங்களா?"

"சீச்சீ, அது அசிங்கம். உள்ள ஏதாவது எழுதியிருந்தாப் போதும், லெட்டர்தான்" என்று சொன்ன அந்த அம்மா, தலையணையை ஒரு பார்வை பார்த்தாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. அவளும் மனுஷிதானே.

அன்றைக்கே தலையணையின் தையலைப் பிரித்தார். ஒரு உறைக்கு ஒரு பிடி பஞ்சு, கூடவே ஒரு துண்டுக் காகிதம். காலியான உறைத்துணியை நன்றாக மடித்து முதல் உறையில் வைத்தார். முதல் கடிதத்தில் 'அக்கா, நலம். பஞ்சைச் சேர்த்து வை' என்று எழுதினார். இரண்டாவதிலும் நலம். மூன்றாவதிலும் நலம். ஒரு மனிதன் எத்தனை தடவைதான் நலமாக இருப்பான்? நாலாவதில் கை தானாக மாமாவின் பக்கம் திரும்பிவிட்டது. அந்த மெத்தையை மாமா எப்படிக் கேவலப்படுத்தினார், அதற்கு எத்தனை நாள் உழைத்தேன், மாமாவுக்கு முதுகு சரியில்லாததற்கு மெத்தை என்ன பண்ணும் என்று ஆரம்பித்தவர், வருஷக்கணக்காக உள்ளே கிடந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தார். இடம் போதாத வரி அடுத்த உறைக்குத் தாவியது.

முதல் நாலைந்து உறைகள் போய்ச் சேர்ந்தன. அக்கா போன் செய்தாள்.

"பஞ்சு வந்துச்சுடா. இப்போதைக்கு ஒரு எலி தலை வச்சுப் படுக்கலாம். மிச்சம் எப்ப வரும்?"

"தினமும் போட்டுக்கிட்டே இருக்கேன். படிச்சியா?"

"நான் எங்க படிக்க? கழுத்தைக் குனிய முடியுதா? உங்க மாமாதான் படிச்சுக் காட்டறாரு."

மெத்தைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமாவா? எல்லாத்தையுமா?"

"சத்தமா, நிறுத்தி நிதானமா. 'என் வீட்டுக்காரிகிட்ட என்னைப் பத்தி இப்படி எழுதறான் பாரு'ன்னு சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போறாரு. சாயந்திரம் ஆனா வாசல்ல நின்னு தபால்காரர் வர்றாரான்னு பாக்கறாரு. பஞ்சையும் அவருதான் தலையணை உறைக்குள்ள அடைக்கறாரு."

"அவர அமுக்கி அடைக்க வேணாம்னு சொல்லுக்கா! கட்டி கட்டியாப் போயிடும்!"

பின்னால் மாமாவின் குரல் கேட்டது. "எனக்குத் தெரியும்னு சொல்லு."

இப்படியே போயிருந்தால் ஒரு தலையணை கௌரவமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். பத்துப் பதினைந்து நாளில் அக்கா நாற்காலியை விட்டுக் கட்டிலுக்கு வந்திருப்பாள். ஆனால் திடீரென்று கடிதங்கள் நின்றுபோயின. இவர் போட்டுக்கொண்டேதான் இருந்தார், அங்கே ஒன்றும் போய்ச் சேரவில்லை. மேலதிகாரி கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது.

இந்த முறை நாற்காலி இல்லை. அறையில் கடற்கரையிலிருந்து திரும்பி வந்திருந்த ஒரு பெரிய சாக்கு மூட்டை, கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி உப்பிப்போய் நின்றது. அதிகாரியின் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. நம்பிக்கைத் துரோகம் செய்யப்பட்ட மனிதரின் வருத்தம்.

"முத்திரை குத்தற மெஷின்ல உங்க லெட்டர் ஒண்ணு வெடிச்சிருக்கு. பிரிப்பகத்துல எல்லாரும் தும்மிக்கிட்டே இருக்காங்க. கடிதம்ங்கறது எவ்வளவு புனிதமான விஷயம். நீங்க ஒரு தலையணைக்குக் கடித வேஷம் போட்டு அனுப்பியிருக்கீங்க."

"உள்ள எழுதியிருக்கேனேங்க!"

"படிச்சோம். எல்லாரும் படிச்சோம். உங்க மாமா பண்ணது தப்புதான்." அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆனா சட்டம் சட்டம். தலையணைய எத்தனை துண்டாப் போட்டாலும் அது தலையணைதான். இதுக்கு 'சிதறிய பொட்டலம்'னு புதுசா ஒரு வகையே உண்டாக்கிட்டோம். உங்களாலதான். ஒரு வகையில பெருமைப்படலாம். எல்லா உறையையும் பிரிச்சு, பஞ்சை எல்லாம் ஒண்ணாக் கொட்டி, உதறி அளந்துட்டோம்."

"உதறினா பொங்குமேங்க!"

"பொங்குச்சு" என்று அதிகாரி திருப்தியோடு ஒத்துக்கொண்டார். "கன்னுக்குட்டியா இருந்தது இப்ப மாடா ஆயிடுச்சு. தூரத்துக்கு வருவோம். ஒவ்வொரு உறையும் தனித்தனியாப் போயிருக்கு. அதனால எல்லாத் தூரத்தையும் கூட்டிட்டோம். கணக்குப்படி உங்க தலையணை உலகத்தை ஒரு சுத்துச் சுத்திட்டு, இரண்டாவது சுத்துல பாதி வந்திருக்கு. அந்தக் கட்டணத்தை வாங்கிக்கிறவங்க கட்டணும். நேர்ல கையெழுத்துப் போட்டு."

மெத்தைக்காரரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மேஜையை ஓங்கித் தட்டினார். "எங்க அக்கா கழுத்து வலியில துடிக்கறாங்க! படுத்துத் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? ஒரு பொம்பளை தலைய வச்சுப் படுக்கறதுக்கு ஒரு தலையணை கேட்டா, நீங்க கன்னுக்குட்டிங்கறீங்க, மாடுங்கறீங்க, உலகத்தைச் சுத்திச்சுங்கறீங்க! உங்களுக்கெல்லாம் ஈவிரக்கமே கிடையாதா? அந்த வலி என்னன்னு தெரியுமாய்யா உங்களுக்கு?"

அதிகாரி உண்மையாகவே யோசித்தார்.

"வலிக்கு எடை இல்லையேங்க ஐயா. இருந்திருந்தா அதுக்கும் ஒரு கட்டணம் வச்சிருப்போமே" என்றார்.

மெத்தைக்காரர் வீட்டுக்கு வந்து, வெறும் பலகையில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. அக்காவின் எண். எடுத்தார்.

"ஏம்ப்பா" என்றது ஒரு ஆண் குரல்.

மெத்தைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். மாமா.

"லெட்டர் ஏன் நின்னு போச்சு?"

"பிடிச்சு வச்சுக்கிட்டாங்க" என்று ஆரம்பித்து நடந்ததை எல்லாம் சொன்னார். மாமா நடுநடுவே "அட படுபாவிங்களா" என்று சொல்லிக்கொண்டே கேட்டார்.

"அது சரி. கடைசியா வந்த காகிதத்துல 'உள்ளதைச் சொல்லணும்னா, மாமா ஒரு'ன்னு முடிஞ்சிருக்கு. ஒரு என்ன?"

"அது அடுத்த உறையில இருந்துச்சு."

"நாலு நாளா மண்டை காயுதுய்யா. உங்கக்கா வேற, 'ஒரு நல்ல மனுஷன்னு எழுதியிருப்பான்'னு சொல்லிச் சிரிக்கறா. சிரிச்சா அவளுக்குக் கழுத்து வலிக்குது."  மாமாவின் குரல் இறங்கியது. "இங்க பாரு. நேத்து ராத்திரி உக்காந்தபடியே அழுதா. என்னால பாக்க முடியல. வேற ஒண்ணு அடிச்சு நீயே எடுத்துக்கிட்டு வந்துடு."

"நீங்க கூப்பிடறீங்களா மாமா?"

"பின்ன எப்படிக் கூப்பிடணும்? தபால்லயா?"

விடிந்ததும் பஸ் பிடித்தார் மெத்தைக்காரர், மடியில் புதுத் தலையணையோடு. நடத்துனர் வந்து தலையணையைப் பார்த்தார். இவர் தலையணையை இறுக்கி அணைத்துக்கொண்டார். "இதுக்கு எவ்வளவுங்க?" என்று தானாகவே கேட்டார்.

"எதுக்கு?"

"தலையணைக்கு."

நடத்துனர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "தலையணைக்கெல்லாம் டிக்கெட் இல்லங்க. அதுல சாஞ்சு தூங்கிட்டு ஊரைத் தவற விட்டுட்டு என்னைத் திட்டாதீங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மெத்தைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா வீட்டு வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தலையணையை வாங்கிக் கட்டைவிரலால் நாலு இடத்தில் அழுத்திப் பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்கு."

மெத்தைக்காரர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "உங்க தலைய விடவா? கொண்டாங்க இங்க."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அக்கா கண்ணைச் சுற்றிக் கருப்பு விழுந்து, பாதியாக இளைத்துப் போயிருந்தாள். மாமா ஒரு பக்கம் தோளைப் பிடிக்க, இவர் மறுபக்கம் தாங்க, மெதுவாகப் படுக்க வைத்தார்கள். கழுத்து பள்ளத்தில் போய் அப்படியே உட்கார்ந்தது. "டேய், சாப்பிட்டியா? அடுப்புல..." என்று ஆரம்பித்தவள், அடுப்பில் என்ன என்று சொல்லி முடிக்கவில்லை. தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் லேசாகக் குறட்டை வந்தது. இரண்டு ஆண்களும் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வாசலில் மணி அடித்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தார்கள். தபால்காரர். அவருக்குப் பின்னால் படியையே மறைத்துக்கொண்டு அந்தச் சாக்கு மூட்டை. நாலு பக்கமும் சிவப்பு முத்திரை.

"சார், சிதறிய பொட்டலம்!" என்று கூவினார் தபால்காரர்.

"மெல்லப் பேசுய்யா! தூங்கறா!" என்றார் மாமா.

தபால்காரர் குரலைத் தாழ்த்தினார். "அம்மா வந்து கையெழுத்துப் போடணும். பணமும் கட்டணும்."

"நான் போடறேன்."

"அவங்கதான் போடணும் சார். எழுப்புங்க."

"எழுப்பறதா?" மாமா ஒரு அடி முன்னால் வந்தார். "எத்தனை நாளைக்கு அப்புறம் படுத்துத் தூங்கறா தெரியுமா?"

"ஒரு நிமிஷம் எழுப்பிட்டு மறுபடி தூங்க வச்சுடுங்க" என்றார் தபால்காரர். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். "இல்லேன்னா மூட்டை திரும்பிப் போயிடும் சார். இதுக்குள்ள பஞ்சு மட்டும் இல்ல, எல்லாக் காகிதமும் இருக்கு."

மாமா மூட்டையைப் பார்த்தார். இத்தனை நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்த அந்த ஒரு வார்த்தை அதற்குள்ளேதான் இருந்தது, கைக்கு எட்டுகிற தூரத்தில். உள்ளே குறட்டை ஒரு முறை தடைப்பட்டு, மறுபடி சீராக வந்தது. மாமா கதவில் குறுக்கே கையை வைத்துக்கொண்டார். அதே நேரத்தில் மறுபக்கத்திலிருந்து மெத்தைக்காரரும் கையை வைத்தார்.

"எழுப்ப மாட்டோம்" என்றார் மாமா.

"அப்ப திரும்பிப் போகும் சார். கடற்கரை வழியா. அந்தத் தூரத்துக்கும் சேர்த்து அனுப்பினவர் கட்டணும்."

"அனுப்பினவர் ஊர்ல இல்லைங்க" என்றார் மெத்தைக்காரர்.

தபால்காரர் பெருமூச்சு விட்டு, மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். அது இறகு மாதிரி எழும்பியது, ஆனால் தெருவாசல் கேட்டுக்குள் நுழைய மறுத்தது. ஒருவழியாகப் பக்கவாட்டில் திருப்பி, அமுக்கி, இழுத்துக்கொண்டு போனார். தெருமுனையில் லாரி நின்றது. அதன் நெற்றியில் 'தொலைவை வெல்வோம்'.

மாமா கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். பிறகு மச்சானின் பக்கம் திரும்பி, ரகசியம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"இப்பவாவது சொல்லுய்யா. மாமா ஒரு... என்ன?"

மெத்தைக்காரர் உள்ளே ஒரு பார்வை பார்த்தார். அக்கா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஞாபகம் இல்ல மாமா" என்றார். "அது ஊரைச் சுத்திட்டு எப்படியும் திரும்பி வரும். அப்ப பாத்துக்கலாம்."